நட்டிங் அவர்களுக்கு, 21ஆம் நம்பர் சட்டைக்காரன் எழுதுவது

பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பேஸ்பால் அணியின் உரிமையாளர் திரு. பாப் நட்டிங் அவர்களுக்கு,

வணக்கம்.

இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியதையெல்லாம் மற்றவர்கள் சொல்லியாயிற்று. 2018இல் நம் நட்சத்திர ஆட்டக்காரர் ஆண்ட்ரூ மெக்கட்சனை வேறு அணிக்கு அனுப்பிவிட்டபோது, அணியை விற்றுவிட்டுப் போங்கள் என்று ஐம்பதாயிரம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். 2025 ஏப்ரலில், உள்ளூரில் சீசனின் முதல் ஆட்டத்தன்று, ஒரு சின்ன விமானம் அதே கோரிக்கையை வாலில் கட்டிக்கொண்டு மைதானத்துக்கு மேலே சுற்றியது. கீழே கூட்டமும் அதையே கோஷமாகப் போட்டது. எதுவும் உங்கள் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. சரி, ஆங்கிலம் எடுபடவில்லை, தமிழையாவது முயன்று பார்ப்போம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் படிக்காவிட்டாலும் பென் ஹில்ஸ் பெருமாள் கோயில் கேன்டீனில் நாலு பேர் படிப்பார்கள். புளியோதரைக்கு வரிசையில் நிற்கும்போது "இந்த வருஷமாவது உருப்படுவாங்களா?" என்று என்னைக் கேட்கிற நாலு பேர்.

உங்கள் அணியின் பெயரை நான் முதலில் படித்தது 2008இல், ஊரில் இருந்தபோது. ஈட்டி எறிந்துகொண்டிருந்த உத்தரப் பிரதேசத்துப் பையன்கள் இருவரை, ரிங்கு சிங், தினேஷ் படேல், ஓர் அமெரிக்க பேஸ்பால் அணி ஒப்பந்தம் செய்திருக்கிறது என்று செய்தி. பேஸ்பால் மட்டையையே அதற்கு முன் தொட்டிராதவர்களை நம்பிக் கையெழுத்து வாங்கிய அணி எது என்று பார்த்தால் பைரேட்ஸ். அப்போதே ஒரு பிரியம் வந்துவிட்டது. அப்புறம் வேலை என்னை இந்த ஊருக்கே கொண்டுவந்து சேர்த்தது. கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவனுக்கு பேஸ்பால் முதலில் ஃபுல்டாஸை அடிக்கத் தெரியாதவர்கள் ஆடும் ஆட்டமாகத்தான் தெரிந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த எண்ணம் மாறியது ஒரே ராத்திரியில்.

2013 அக்டோபர் 1. இருபது சீசன் தொடர்ந்து தோல்விக் கணக்கிலேயே முடித்த அணி (வட அமெரிக்காவின் பெரிய லீக்குகள் எதிலும் இப்படி ஒரு சாதனை இல்லை) அந்த வருடம் 94 ஆட்டம் ஜெயித்து, சின்சினாட்டி ரெட்ஸோடு வாழ்வா சாவா ஆட்டத்துக்கு வந்திருந்தது. அலுவலக நண்பர் ஒருவர் உபரியாக ஒரு டிக்கெட் வைத்திருந்தார். நாற்பதாயிரம் பேர் கறுப்புச் சட்டையில். கார்த்திகை மாதத்தில் பம்பையில் நிற்பது போல இருந்தது. எதிரணி பிட்சர் (பந்து வீசுபவர்) ஜானி குவேட்டோவின் பெயரை அத்தனை பேரும் சேர்ந்து ராகமாக இழுத்துக் கூப்பிட, அவர் கையிலிருந்து பந்து நழுவிக் கீழே விழுந்தது. அடுத்த பந்தை ரஸ்ஸல் மார்ட்டின் இடப்பக்கம் தூக்கி அடித்தார், ஹோம் ரன், நம் சிக்ஸர் மாதிரி. பக்கத்து சீட்டில் இருந்த முன்பின் தெரியாத பெரியவர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். 1992இல் அட்லாண்டாவில் கடைசி நிமிடத்தில் கோட்டைவிட்டதிலிருந்து காத்திருப்பதாகச் சொன்னார். நானும் அழுதேன், எதற்கென்று அப்போது முழுசாகத் தெரியாமலே.

அந்த அக்டோபரும் உங்கள் காலத்தில்தான் வந்தது. 2007 ஜனவரியிலிருந்து அணி உங்கள் கையில். ஆகவே வந்ததற்கும் நீங்கள் பொறுப்பு, போனதற்கும் நீங்கள் பொறுப்பு. போன கதையைத்தான் பேச வேண்டும்.

2015இல் நம் அணி 98 ஆட்டம் ஜெயித்தது. அந்த வருடம் மொத்த லீக்கிலும் அதைவிட அதிகம் ஜெயித்தது ஒரே அணி, செயின்ட் லூயிஸ். ஒற்றை ஆட்டத்தில் சிகாகோ கப்ஸ் அணியின் ஜேக் அரியேட்டா நம்மைச் சுருட்டிவிட்டார். அதில் எனக்கு வருத்தம் இல்லை, ஆட்டம் என்றால் அப்படித்தான். வருத்தம் அதற்கடுத்த குளிர்காலத்தைப் பற்றியது. 98 ஜெயித்த அணிக்கு இன்னும் இரண்டு நல்ல கைகள் கிடைத்தால் போதும் என்று ஊரே நினைத்துக்கொண்டிருந்தது. சீசனின் பின்பாதியில் அபாரமாக வீசிய ஜே. ஏ. ஹேப்பை டொராண்டோ 3 வருடத்துக்கு 3.6 கோடி டாலர் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போனது. அவர் அடுத்த வருடமே 20 ஆட்டம் ஜெயித்தார். பிட்ஸ்பர்க்கிலேயே வளர்ந்த பையன் நீல் வாக்கரை, சம்பளம் ஏறப்போகிற நேரம் பார்த்து நியூயார்க்குக்கு அனுப்பினீர்கள். பெட்ரோ ஆல்வரேஸை ஒப்பந்தம் கொடுக்காமல் விட்டீர்கள். பதிலுக்கு வந்தவர்கள் மலிவாகக் கிடைத்தவர்கள். 2016இல் 78 வெற்றி. கல்யாணப் பந்தலில் ஆயிரம் பேர் உட்கார்ந்த பிறகு அரிசியை அளந்து போடச் சொன்ன கதை.

கேன்டீன் நண்பர்களுக்காக இங்கே ஒரு விளக்கம், நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பேஸ்பாலில் ஒரு இளைஞன் பெரிய லீக்குக்கு வந்ததும் முதல் மூன்று வருடம் ஏறக்குறைய அணி நிர்ணயிப்பதுதான் சம்பளம். குறைந்தபட்சம் என்று ஒன்று உண்டு, 2025இல் அது 7,60,000 டாலர். அடுத்த மூன்று வருடம் நடுவர் முன்னால் பேரம் பேசலாம். ஆறு வருடச் சேவை முடிந்தால்தான் சுதந்திரம், யார் அதிகம் கொடுக்கிறார்களோ அங்கே போகலாம். ஆக, நல்ல ஆட்டக்காரர் ஒருவர் மிக மலிவாகக் கிடைக்கிற ஆறு வருடம் ஒவ்வோர் அணிக்கும் சட்டப்படியே கிடைக்கிறது. கெட்டிக்கார அணிகள் அந்த ஆறு வருடத்துக்குள் ஜெயிக்கப் பார்க்கும், அல்லது முன்கூட்டியே உட்கார்ந்து பேசி நீண்ட ஒப்பந்தம் போடும். நம் அணி மூன்றாவதாக ஒரு வழி வைத்திருக்கிறது. ஆறாவது வருடம் வருவதற்குள் அவரை அனுப்பிவிட்டு, புதிதாக மூன்று நான்கு பையன்களை வாங்கி, மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணுவது.

2018 ஜனவரி 13, கெரிட் கோல் ஹூஸ்டனுக்குப் போனார். ஜனவரி 15, மெக்கட்சன் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போனார். எங்கள் கணக்கில் ஒன்று போகிப் பண்டிகை, மற்றது மாட்டுப் பொங்கல். போகிக்குப் பழையதைத்தான் எரிப்பது வழக்கம், நட்டிங் அவர்களே. 27 வயசுப் பிட்சரை யாரும் எரிப்பதில்லை. கோல் பிறகு நியூயார்க் யாங்கீஸிடம் 32.4 கோடி டாலர் வாங்கினார். அதை நீங்கள் கொடுத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவருக்குப் பதிலாக வந்த ஜோ மஸ்குரோவ் இருக்கிறாரே, அவரையும் மூன்று வருடத்தில் சான் டியேகோவுக்கு அனுப்பிவிட்டீர்கள். போன கையோடு, 2021 ஏப்ரலில், அந்த அணியின் வரலாற்றிலேயே முதல் நோ-ஹிட்டரை (எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டம்) அவர் வீசினார். விற்றதற்குப் பதிலாக வாங்கியதையும் விற்பது. எங்கள் ஊரில் வட்டிக்கடைக்காரர்கூட இவ்வளவு வேகமாக நகையைக் கைமாற்ற மாட்டார்.

என் அலமாரியில் மெக்கட்சன் சட்டை ஒன்று, கோல் சட்டை ஒன்று, ஜாஷ் பெல் சட்டை ஒன்று தொங்குகின்றன. பெல் 2019இல் 37 ஹோம் ரன் அடித்தார், அடுத்த வருடம் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வாஷிங்டனுக்குப் போனார். அன்றோடு பெயர் போட்ட சட்டை வாங்குவதை நிறுத்திவிட்டேன். இனி ஒரே சட்டைதான் என்று முடிவு செய்து ரொபேர்ட்டோ கிளெமென்ட்டேயின் 21ஆம் நம்பர் சட்டையை வாங்கினேன். 1972 செப்டம்பர் 30இல் தன் மூவாயிரமாவது ஹிட்டை அடித்துவிட்டு, அந்த டிசம்பர் 31 இரவு நிகரகுவா பூகம்பத்தில் தவித்தவர்களுக்கு நிவாரணப் பொருள் ஏற்றிக்கொண்டு போன விமானம் கடலில் விழுந்து இறந்துபோன மனிதர். பைரேட்ஸ் அணியில் யாரும் வேறு ஊருக்கு அனுப்பிவிட முடியாத ஒரே ஆட்டக்காரர் அவர்தான் என்று நினைத்தேன்.

2025இல் அவர் நம்பரையே எடுத்துவிட்டார்கள். மைதானத்தின் வலப்பக்கச் சுவர் அவர் நினைவாகத்தான் 21 அடி உயரம். அந்தச் சுவரின் மூலையில் இருந்த 21 என்ற அடையாளம் இருந்த இடத்தில், சீசன் தொடங்கியபோது ஒரு டப்பா மதுபான விளம்பரம். கிளெமென்ட்டே குடும்பம் கொதித்தது, ஊர் கொதித்தது, தவறு நடந்துவிட்டது என்று நிர்வாகம் சொல்லிப் பழையபடி மாட்டியது. மைதானத்துக்கு வெளியே ரசிகர்கள் பணம் கட்டிப் பெயர் பொறித்த செங்கற்களைப் பெயர்த்து எடுத்து, அவை மறுசுழற்சிக் கிடங்கில் கிடக்கும் படம் வெளியானதும் அதே வருடம். இவை சம்பளக் கணக்கில் வராத விஷயங்கள், தெரியும். ஆனால் சுவரில் இரண்டு இலக்கம் இருக்கிற இடத்தைக்கூட வருமானம் வராத இடமாகப் பார்க்கிற கண்தான் ஆட்டக்காரரையும் பார்க்கிறது என்று எனக்குப் படுகிறது. தப்பாக இருந்தால் சொல்லுங்கள்.

பிட்ஸ்பர்க் சின்னச் சந்தை என்பது உங்கள் தரப்பு வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. லாஸ் ஏஞ்சலஸுக்கு வருகிற உள்ளூர் டிவிப் பணம் நமக்குக் கனவிலும் வராது. 2025 சீசன் தொடங்கியபோது அந்த ஊர் டாட்ஜர்ஸ் அணியின் சம்பளப் பட்டியல் 30 கோடி டாலரைத் தாண்டியிருந்தது, நம்முடையது 10 கோடியைத் தொடவில்லை. ஐபிஎல் ஏலத்தில் எல்லா அணிக்கும் ஒரே அளவு பணப்பை. பேஸ்பாலில் அணியின் சம்பளச் செலவுக்கு மேலே கூரையும் கிடையாது, கீழே தரையும் கிடையாது. டாட்ஜர்ஸ் கூரை இல்லாததை அனுபவிக்கிறார்கள். தரை இல்லாததை அனுபவிப்பது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஏனென்றால் நீங்கள் வெறுங்கையோடு நிற்கவில்லை. தேசிய டிவிப் பணம் 30 அணிக்கும் சமமாகப் பிரிகிறது. அதற்கு மேல், ஒவ்வோர் அணியும் தன் உள்ளூர் வருமானத்தில் 48 சதவீதத்தைப் பொதுப் பானையில் போட, அதுவும் சமமாகப் பிரிகிறது. பெரிய ஊர்கள் போடுவது அதிகம், நமக்கு வருவது அதிகம். அந்தப் பணத்தை அணியின் ஆட்டத்தை மேம்படுத்தச் செலவழிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. அப்படிச் செலவழிக்கவில்லை என்று 2018இல் ஆட்டக்காரர் சங்கம் நான்கு அணிகள்மீது முறையிட்டது. அதில் ஒன்று நம் அணி. 2010இல் வெளியே கசிந்த கணக்குத் தாள்களில், 2007, 2008 இரண்டு வருடத்திலும் சேர்த்து அணிக்கு ஏறக்குறைய 2.94 கோடி டாலர் லாபம் என்று இருந்தது. தோற்றுக்கொண்டே இருந்த வருடங்கள் அவை. மைதானமோ 2001இல் பெரும்பகுதி மக்கள் பணத்தில் எழுந்தது. அதற்காக விற்பனை வரியை ஏற்றலாமா என்று 1997இல் கேட்டபோது மக்கள் முடியாது என்று வாக்களித்தார்கள், வேறு வழியில் பணம் திரட்டிக் கட்டினார்கள். 1996இல் கைமாறியபோது 10 கோடி டாலர்கூடப் போகாத அணி இன்று 100 கோடிக்கு மேல் மதிப்பிடப்படுகிறது. ஆட்டம் தோற்கலாம், முதலீடு தோற்கவில்லை.

சின்ன ஊர் என்றால் மில்வாக்கி நம்மைவிடச் சின்னது. 2025இல் 97 ஆட்டம் ஜெயித்து லீக்கிலேயே முதலிடம். சான் டியேகோவும் பெரிய டிவிச் சந்தை இல்லை. அங்கே மறைந்த உரிமையாளர் பீட்டர் சீட்லர் 2021இல் இளம் ஆட்டக்காரர் ஃபெர்னாண்டோ டாட்டிஸுக்கு 14 வருடத்துக்கு 34 கோடி டாலர் கொடுத்தார். கோப்பை கிடைக்கவில்லைதான். ஆனால் அந்த ஊரில் ஒரு பிள்ளை டாட்டிஸ் பெயர் போட்ட சட்டை வாங்கினால், சட்டை சின்னதாகிப் போகும்வரை அவர் அங்கேதான் இருப்பார்.

உங்கள் அணிக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. 1890களின் தொடக்கத்தில் லூ பியர்பவர் என்ற ஆட்டக்காரரை ஃபிலடெல்ஃபியாக்காரர்கள் அசந்திருந்த நேரத்தில் பிட்ஸ்பர்க் ஒப்பந்தம் செய்தது. இது கடற்கொள்ளை என்று அவர்கள் திட்ட, அந்த வசவையே பெயராக வைத்துக்கொண்டார்கள். அடுத்தவன் ஆட்டக்காரரைத் தூக்கிவந்து பெயர் வாங்கிய அணி. இப்போது ஆட்டக்காரர்களைக் கைமாற்றும் ஜூலை மாதம் பிறந்தால் மற்ற அணிகள் கப்பலோட்டி வருகின்றன, நாம் துறைமுகத்தில் நின்று சரக்கை ஏற்றிவிடுகிறோம்.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நன்றி கெட்டவன் என்பார்கள். 2023இல் பிரையன் ரெனால்ட்ஸுக்கு 8 வருடத்துக்கு 10.675 கோடி டாலர் கொடுத்தீர்கள், அன்று வரை கிளப் வரலாற்றிலேயே பெரிய ஒப்பந்தம். மறு வருடம் மிட்ச் கெல்லருக்கு 5 வருடத்துக்கு 7.7 கோடி. அதே 2023இல் மெக்கட்சனைத் திரும்பக் கூட்டிவந்தீர்கள், அந்தப் பழைய சட்டையை எடுத்து இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு நானும் வந்தேன். 2025–26 குளிர்காலத்தில் ரயன் ஓ'ஹெர்னுக்கு இரண்டு வருட ஒப்பந்தம், பிராண்டன் லோவும் வந்திருக்கிறார். கை கொஞ்சம் திறந்திருக்கிறது. கேன்டீனில்கூட "என்னப்பா, உன் முதலாளிக்கு என்ன ஆச்சு?" என்று விசாரித்தார்கள். சந்தோஷம்தான். ஆனால் இருபது வருடமாகப் பழைய சோறு போட்ட வீட்டில் ஒரு நாள் அப்பளம் பொரித்தால், விருந்தாளி யாராவது வருகிறார்களா என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

என் கேள்வி பால் ஸ்கீன்ஸைப் பற்றியது.

2023இல் அணிகள் முறைபோட்டுப் புதிய பையன்களைத் தேர்ந்தெடுக்கும்போது, நாட்டின் முதல் தேர்வாக இந்தப் பிட்சரை எடுத்து 92 லட்சம் டாலர் கையெழுத்துப் பணம் கொடுத்தீர்கள். 2024 மே 11இல் ஆட வந்தார், அந்த வருடமே சிறந்த புதுமுகம். 2025இல் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரி 1.97 ரன்தான் கொடுத்து, சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை ஒரு வாக்குகூடச் சிதறாமல் வாங்கினார். அவருடைய வெற்றி தோல்விக் கணக்கு 10க்கு 10. லீக்கிலேயே சிறந்த பிட்சர், பாதிக்குப் பாதி தோல்வி. மே மாதம் ஃபிலடெல்ஃபியாவில் எட்டு இன்னிங்ஸையும் தானே வீசி ஒரே ஒரு ரன் கொடுத்தார். நம் ஆட்கள் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. 1–0 தோல்வி. அவருடைய முதல் முழு ஆட்டம் அது. டிவியில் அவர் முகத்தைப் பார்த்தேன், கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கோபப்படுகிற ஆள் இருக்க விரும்புகிற ஆள்.

அந்த வருடம் அவர் சம்பளம் 8,75,000 டாலர். 2026 சீசன் முடிந்தால்தான் பேரம் பேசும் உரிமையே அவருக்கு வரும். 2029 முடிந்ததும் அவர் சுதந்திரப் பறவை. இந்தத் தேதிகள் எனக்கு மனப்பாடம். நான் வெறும் ரசிகன், இவை எனக்கு எதற்கு? அவர் வீசும் பந்தைப் பார்க்கும்போது, இன்னும் எத்தனை வருடம் என்று கழித்துப் பார்க்கிற பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது? 2013இல் என்னைக் கட்டிப்பிடித்து அழுத பெரியவர் 1992ஐ நினைத்து அழுதார், சம்பளப் பட்டியலை நினைத்து அழவில்லை. நாங்களோ ரன்னை எண்ண வேண்டிய இடத்தில் ஒப்பந்த வருடத்தை எண்ணுகிறோம். நீங்கள் சேமித்த டாலரைவிட இதுதான் எனக்கு வலிக்கிறது.

2026 டிசம்பர் 1இல் ஆட்டக்காரர்களோடு போட்ட ஒப்பந்தம் முடிகிறது. போன தடவை 99 நாள் கதவடைப்பு நடந்தது. இந்தத் தடவை சம்பளத்துக்கு உச்சவரம்பு வேண்டும் என்ற பேச்சு முதலாளிகள் பக்கம் பலமாகக் கேட்கிறது. அந்த அறையில் உங்களுக்கும் ஒரு நாற்காலி உண்டு. கூரை கேட்கும்போது தரையையும் சேர்த்துக் கேளுங்கள். உங்கள் மைதானத்திலிருந்து அதே ஆற்றங்கரையில் நடந்தே போகிற தூரத்தில் அமெரிக்கக் கால்பந்து அணியான ஸ்டீலர்ஸ் ஆடுகிறார்கள். அவர்கள் லீக்கில் இரண்டும் இருக்கிறது. இதே ஊர், இதே ஜனத்தொகை, அங்கே அணியை விற்கச் சொல்லி யாரும் விமானத்தில் துணி கட்டுவதில்லை.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். ஸ்கீன்ஸோடு பேசுங்கள். என்ன தொகை கொடுக்கத் தயார், எத்தனை வருடத்துக்கு என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். அவர் மறுத்தால் அது அவர் விருப்பம், நாங்கள் உங்களைத் திட்ட மாட்டோம். கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை என்று ஊர் சொல்லும். கேட்கவே இல்லை என்பதைத்தான் ஊர் மறக்காது.

ஏப்ரலில் வருகிறேன். ஸ்கீன்ஸ் வீசும் நாளாகப் பார்த்து, இருப்பதிலேயே விலை குறைந்த டிக்கெட்டில். சாப்பாடு வெளியிலிருந்து கொண்டுவர உங்கள் மைதானம் அனுமதிக்கிறது, அந்த விஷயத்தில் நீங்கள் நல்லவர், கோயில் புளியோதரை பொட்டலம் இரண்டு கையில் இருக்கும். போட்டுக்கொண்டு வரப்போவது 21ஆம் நம்பர் சட்டைதான். மைதானத்துக் கடையில் ஸ்கீன்ஸின் 30ஆம் நம்பர் சட்டை தொங்குவதைப் போன தடவை கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டிவிட்டேன். வாங்கலாமா, வேண்டாமா? ஒரு வரி எழுதினால் போதும். பதில் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும், பரவாயில்லை.

இப்படிக்கு,
வலப்பக்கச் சுவருக்கு மேலே உட்காரும் ரசிகன்